முடக்குவாத வலிக்கு மனநல ஆலோசனை: சேலத்தில் யாரைப் பார்க்கலாம்?

வணக்கம். நாங்கள் சிவதாபுரம். அம்மாவுக்கு 54 வயது, ஆறு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், கூடவே போலிக் ஆசிட். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்கிறார் மருத்துவர். வலி மட்டும் விடவில்லை. காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. இருபது வருடம் வெள்ளிக் கொலுசு வேலை செய்த கை அது. நேற்று பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தார். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருந்தை நிறுத்தாமல், கூடவே சிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சையும் உதவும் என்று மருத்துவரே சொன்னார். வலி கூடினால் 'அவ்வளவுதான், கை போச்சு' என்று ஓடும் நினைப்பை அடையாளம் கண்டு மாற்றுவது, வேலையை இடைவெளி விட்டுச் செய்வது, மூச்சுப் பயிற்சி, தூக்கத்தைச் சீர்செய்வது இதெல்லாம் அதில் உண்டாம். அம்மாவோ, "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். வலி நிஜம்தான் அம்மா என்று எத்தனை முறை சொன்னாலும் ஏற்கவில்லை.

நாள்பட்ட வலிக்குச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் சேலத்தில் யாராவது உண்டா? அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு இதற்காகப் போனவர்கள் இருக்கிறீர்களா? அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் பேசியவர்கள்? அப்புறம், வீட்டில் பெரியவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? எண்ணெய், கஷாயம் எல்லாம் பார்த்துவிட்டோம், அவை வேண்டாம். சனிக்கிழமை எனக்கு விடுமுறை, அன்றைக்கே கூட்டிப்போகத் தயார்.