போர்டில் ஹூக் நிற்கவே மாட்டேன் என்கிறது, அவசரம், யாராவது சொல்லுங்கள்

பேட்டை_ஃபேன்சி
வணக்கம். கடையில் பெல்ட், டை, சாக்ஸ், கர்சீப், கிளிப் எல்லாம் மாட்டுவதற்காகப் போட்ட போர்டில் ஹூக் கழன்று கழன்று விழுகிறது. மாட்டுகிற இடமே பிய்ந்து கையோடு வருகிறது. மரப்பசை வைத்து ஒட்டிப் பார்த்தாச்சு, மறுபடியும் அதே கதைதான். ஸ்கூல் திறக்கிற நேரம், ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், நான் சரக்கை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்து விற்றுக்கொண்டிருக்கிறேன். கிளிப்புக்கு வாங்கிய சுற்றுகிற ஸ்டாண்டும் சாய்கிறது, அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர் கிருஷ்ணகிரி.

ஓசூர்_ஃபேப்
என்ன போர்டு? எம்டிஎஃப்பா, ப்ளைவுட்டா, வட்ட ஓட்டை போட்ட பெக்போர்டா? எத்தனை எம்எம்? போட்டோ இருந்தால் போடுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்
ஹூக் எத்தனை இஞ்ச்? ஒரு ஹூக்கில் எத்தனை பெல்ட்?

அனுபவஸ்தன்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. முதலில் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும். "போர்டு", "ஹூக்", "விழுகிறது" என்று மூன்று வார்த்தை போட்டால் நாங்கள் என்ன ஜோசியமா சொல்வது? கடைக்கு உள்வேலை என்பது பட்டறையில் போய் "ஏதாவது ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதில்லை. அளவு எடுக்க வேண்டும், சரக்கை எடை போட வேண்டும், அதற்குப் பிறகுதான் போர்டு. நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள்.

பேட்டை_ஃபேன்சி
எம்டிஎஃப்தான் அண்ணா, 18 எம்எம். மேலே வெள்ளை மைக்கா. குறுக்கே கோடு கோடாக குரூவ் போட்டது, அதில் ஹூக்கைச் சொருகுகிற மாதிரி. ஹூக் எல்லா சைஸும் இருக்கிறது. கஸ்டமர் நிற்கிறார்கள், அப்புறம் வருகிறேன்.

ஓசூர்_ஃபேப்
அப்படியானால் விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. குரூவுக்குள் அலுமினியப் பட்டை சொருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் காசு மிச்சம் என்று அதைத்தான் விட்டுவிடுவார்கள். பட்டை இல்லாவிட்டால் ஹூக்கின் மொத்தச் சுமையையும் தாங்குவது குரூவின் உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற சில எம்எம் எம்டிஎஃப் மட்டும்தான். அது மரம் இல்லை, மர நாரைப் பசையோடு அழுத்தியது, ஒரு தடவை பிய்ந்தால் பிய்ந்ததுதான், பசை போட்டு நிற்காது.

எடையை மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பதையும் பார்க்கணும். 2 கிலோ சரக்கை 4 இஞ்ச் ஹூக்கின் நுனியில் தொங்கவிடுவதும் 10 இஞ்ச் ஹூக்கின் நுனியில் தொங்கவிடுவதும் ஒன்றல்ல, இரண்டாவதில் குரூவை நெம்புகிற விசை இரண்டரை மடங்கு. உங்கள் பெல்ட் பக்கிளோடு சேர்த்து எத்தனை கிராம் வருகிறது என்று மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், ஒரு ஹூக்கில் எத்தனை மாட்டுகிறீர்களோ அதால் பெருக்குங்கள். கிளிப்புக்கு 4 இஞ்ச், சாக்ஸுக்கு 6, டைக்கு 8, அதற்கு மேல் போகவே வேண்டாம். கண் உயரத்தில் வருகிற ஹூக்குக்கு நுனியில் உருண்டை வைத்ததாக வாங்குங்கள், குனிந்து நிமிர்கிற குழந்தை கண்ணில் குத்திவிடும்.

மேலுமலை
மைக்கா ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் போர்டு வில் மாதிரி வளையும், குரூவ் வாய் திறந்துகொள்ளும், ஹூக் தானாக வழுக்கும். பின்பக்கமும் ஒட்டினார்களா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து எல்லாப் பிரச்சினைக்கும் காரணம் இதுதான்.

ஸ்ரீவாஸ்து_தருமபுரி
போர்டு எந்தத் திசைச் சுவரில் இருக்கிறது? கனம் தென்மேற்கில் இருக்க வேண்டும். வடகிழக்கில் சரக்கை ஏற்றினால் நிற்காது.

காவேரிப்பட்டணத்தான்
சார், எம்டிஎஃப்புக்கு எது தென்மேற்கு என்று எப்படித் தெரியும்?

பர்கூர்_சின்னவர்
இந்த போர்டு வேலையே வேண்டாம் தம்பி. பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான், ஒரு நாள் கடையை வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய் சிக்பேட்டை பக்கம் விசாரித்தால் ரெடிமேட் ஸ்டாண்டு, கம்பி வலை பேனல், எல்லாம் பவுடர் கோட்டிங் அடித்தே கிடைக்கும். மாட்டினோமா வேலையைப் பார்த்தோமா என்று இருக்கலாம்.

ஓசூர்_ஃபேப்
அங்கே வாங்கி வண்டி வாடகை கொடுத்து இங்கே கொண்டுவந்து சுவரில் பார்த்தால் நாலு இஞ்ச் நீளம் அதிகமாக இருக்கும். நம்ம ஊர் கிரில் பட்டறைக்காரனுக்குச் சதுர பைப்பும் வலையும் கொடுத்தால் சுவருக்கு அளவாகச் செய்து கொடுப்பான். ஒன்றே ஒன்று, சாதா பெயின்ட் அடித்து வாங்காதீர்கள். ஹூக் உரசி உரசிப் பெயின்ட் போய்விடும், துரு பிடித்த கம்பியில் வெள்ளை கர்சீப் தொங்கினால் பழுப்புக் கோடு விழும், அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

பர்கூர்_சின்னவர்
கிரில் பட்டறைக்காரன் சொன்ன நாளில் கொடுத்த வரலாறு உண்டா? தீபாவளிக்குக் கேட்டால் பொங்கலுக்கு வரும்.

அனுபவஸ்தன்
விவாதமே தவறான திசையில் போகிறது. கிளிப்பு, ஹேர்பேண்டு போன்ற சில்லறைச் சாமான்களைத் திறந்த ஹூக்கில் மாட்டுவதே தவறு. கண்ணாடி கவுன்டருக்குள் தட்டு வைத்து அடுக்க வேண்டும். கேட்டவர்களுக்கு எடுத்துக் காட்ட வேண்டும். பேருந்து நிலையத்தை ஒட்டிய கடை என்றால் மாலையில் கூட்டத்தோடு கூட்டமாக எத்தனை கிளிப்பு போகிறது என்று தெரியாது. நான் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு ஊசிகூடக் காணாமல் போனதில்லை.

கல்லூரி_கார்னர்
கண்ணாடிக்குள் வைத்தால் திருடுபோகாது சார், விற்கவும் விற்காது. என் கடைக்கு வருகிற பிள்ளைகள் தொட்டுப் பார்த்து, தலையில் வைத்துப் பார்த்து, செல்ஃபி எடுத்து, நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் ஒரு ஸ்க்ரஞ்சி வாங்குவார்கள். "அண்ணா அதை எடுங்க, அது இல்லை அதுக்குப் பக்கத்துல" என்று ஒவ்வொருத்தருக்கும் நான் குனிந்து நிமிர்ந்தால் இடுப்புதான் போகும். திருட்டு பயம் இருந்தால் விலை கூடியதை மட்டும் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளுங்கள், ஒரு கண்ணாடியைச் சாய்த்து மாட்டுங்கள், முடிந்தது.

அனுபவஸ்தன்
செல்ஃபி எடுப்பவர்கள் எல்லாம் வாடிக்கையாளர்கள் அல்லர்.

கல்லூரி_கார்னர்
என் வாடகையை அவர்கள்தான் கட்டுகிறார்கள்.

பாலக்கோடு_மரவேலை
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கேள்வி கேட்டவரிடம் யாருமே இதைக் கேட்கவில்லை: எந்த வரிசையில் பிய்கிறது? மேலேயா, நடுவிலா, கீழேயா?

பேட்டை_ஃபேன்சி
கீழ் மூணு வரிசை. அதில் சாக்ஸும் கர்சீப்பும்தான் மாட்டினேன். பெல்ட் எல்லாம் மேலே, அது அப்படியே நிற்கிறது. பட்டை எதுவும் இல்லை, மேலேயும் இல்லை.

பாலக்கோடு_மரவேலை
அப்படியென்றால் எடைக் கணக்கு இங்கே சேராது. பட்டை இல்லாமலே கனமான பெல்ட் மேலே நிற்கிறது, காற்று மாதிரி இருக்கிற சாக்ஸ் கீழே பிய்த்துக்கொண்டு வருகிறது. போர்டு தண்ணீர் குடிக்கிறது. இரண்டு விஷயம் பாருங்கள். போர்டின் விளிம்பில் மேலே ஓர் இடத்திலும் தரை ஓரத்தில் ஓர் இடத்திலும் வெர்னியர் வைத்துக் கனத்தை, அதாவது தடிமனை, அளந்து பாருங்கள், அது இல்லையென்றால் சாதா ஸ்கேல் போதும். கீழே கூடுதலாக வந்தால் ஊறி உப்பியிருக்கிறது. அப்புறம் செல்போன் டார்ச்சை குரூவுக்குள் அடித்து விரலால் தடவுங்கள். நல்ல எம்டிஎஃப் உள்ளே வழவழப்பாக இருக்கும். ஊறியது என்றால் பஞ்சு மாதிரி நார் எழும்பி நகத்தால் சுரண்டினால் உதிரும். மைக்கா மூஞ்சியை மட்டும்தான் காப்பாற்றும். குரூவ் வெட்டிய உள்பக்கமும் அடி விளிம்பும் திறந்த வாய்தான்.

தரை எப்படித் துடைக்கிறீர்கள்? போர்டு தரையில் உட்கார்ந்திருக்கிறதா? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?

பேட்டை_ஃபேன்சி
தரையைத் தொட்டுத்தான் நிற்கிறது. காலையில் பக்கெட் தண்ணீர் ஊற்றித்தான் துடைப்பார்கள். அந்தப் பக்கம் ஹோட்டல். கை கழுவுகிற இடம் என்று நினைக்கிறேன்.

காவேரிப்பட்டணத்தான்
இதை முதல் போஸ்டிலேயே போட்டிருக்கக் கூடாதா!

ஓசூர்_ஃபேப்
ஹோட்டல் கை கழுவுகிற இடமா? சரி. பட்டை போடச் சொன்னதை நான் விடமாட்டேன், எப்படியும் வேண்டும். ஆனால் ஊறின உதட்டில் பட்டை சொருகிப் புண்ணியமில்லை.

பாலக்கோடு_மரவேலை
தரைத் தண்ணீரா, சுவர் ஓதமா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடியில் போர்டைக் கழற்றிவிட்டு, காய்ந்த சுவரில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் அடித்து ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் கடைக்குள் இருக்கிற காற்றின் ஈரம். சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம்.

சுவர் ஓதம் என்றால் உங்கள் பக்கம் என்ன பூசினாலும் உரிந்துகொண்டு வரும். தண்ணீர் வருகிற பக்கத்தில் அடைக்க வேண்டும், அதாவது ஹோட்டல்காரரின் சிங்க் குழாயையும் டைல்ஸ் இடுக்கையும். கட்டட உரிமையாளரிடம் சொல்லுங்கள், நீங்களாகப் போய்ச் சண்டை போடாதீர்கள்.

போர்டுக்கு: உப்பின எம்டிஎஃப் காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வராது. பிய்ந்த பகுதிக்கு மேலே, கனம் 18 எம்எம் சரியாக வருகிற இடம் பார்த்து நேராக அறுத்துவிடுங்கள். அறுத்த விளிம்புக்கும் குரூவுக்கும் சீலர் இரண்டு கோட் கொடுங்கள், அப்படியே வைக்காதீர்கள். சுவருக்கும் போர்டுக்கும் நடுவே ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, நெட்டுக்குத்தலாக அடியுங்கள். குறுக்கே அடித்தால் ஈரக் காற்று மேலே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். எச்டிஎச்எம்ஆர் போர்டு என்று ஒன்று விற்கிறார்கள், எம்டிஎஃப்பைவிட ஈரம் தாங்கும், ஆனால் தண்ணீரிலேயே நிற்க வைக்கிற சாமான் இல்லை அதுவும். கீழே காலியாகிற இடத்துக்கு பவுடர் கோட்டிங் கம்பி வலை பேனலைச் சுவரிலிருந்து ஒன்றரை இஞ்ச் தள்ளி மாட்டினால் சாக்ஸுக்குத் தாராளம். தரையிலிருந்து அரை அடி விட்டுவிடுங்கள், துடைக்கவும் வசதி.

அனுபவஸ்தன்
"அளவு எடுக்க வேண்டும்" என்று நான் முதலிலேயே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

கல்லூரி_கார்னர்
எதை அளக்கணும் என்று சொல்லவில்லையே சார்.

மேலுமலை
பின்பக்க மைக்கா இருந்திருந்தால் சுவர் ஈரம் ஏறியிருக்காது. நான் சொன்னதும் பாதி சரிதான்.

பர்கூர்_சின்னவர்
சுற்றுகிற ஸ்டாண்டை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். ஒரு பக்கம் மட்டும் சரக்கு விற்று மறுபக்கம் நிறைந்திருந்தால் சாயத்தான் செய்யும், கனமானதைக் கீழ்த் தட்டில் மாட்டுங்கள். அடிப்பாகம் சின்னதாக இருந்தால் கிருஷ்ணகிரியில் கிரானைட்டுக்கா பஞ்சம்? பட்டறையில் வெட்டி ஒதுக்கிப் போட்ட துண்டில் 2 அடிக்கு 2 அடி, 18 எம்எம் கனத்தில் ஒன்று கேளுங்கள், 18 கிலோ பக்கம் வரும். போல்ட் போக அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள், நம் வீட்டு ட்ரில்லை வைத்து முயற்சி செய்ய வேண்டாம், மூலை தெறித்துவிடும். விளிம்பை உருட்டி பாலிஷ் போடச் சொல்லுங்கள், வருகிறவர்கள் கால் விரல் முக்கியம்.

ஓசூர்_ஃபேப்
கல் யோசனை நல்லாயிருக்கிறது சின்னவரே. இதுக்கு பெங்களூரு போகச் சொல்லாததே பெரிய விஷயம்.

காவேரிப்பட்டணத்தான்
பெல்ட்டைப் பற்றி ஒரு சந்தேகம். பக்கிளைப் பிடித்து நீளமாகத் தொங்கவிட்டால் மூணரை அடி கீழே வரை வந்து அடி வரிசையையே மறைக்கிறதே, சுருட்டி வைக்கலாமா?

கல்லூரி_கார்னர்
ரெக்சின் பெல்ட்டை இறுக்கிச் சுருட்டினால் மடிப்பு விழுந்து அந்த இடத்தில் வெடிக்கும். தளர்வாகச் சுருட்டி தட்டில் வையுங்கள், மாதிரிக்கு ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றை மட்டும் தொங்கவிடுங்கள். அதையும் போர்டின் ஓரத்து வரிசையில்.

பேட்டை_ஃபேன்சி
சுவர்தான். தாளுக்குள் தண்ணீர் நின்றது. ஓனர் வந்து பார்த்துவிட்டுப் போனார், ஹோட்டல்காரர் குழாயை மாற்றுகிறேன் என்கிறார். கீழ்ப் பகுதியை அறுத்து எடுத்தாச்சு, கம்பி வலை ஆர்டர் கொடுத்திருக்கிறேன். ஸ்டாண்டுக்குக் கல் வைத்தேன், அசையவில்லை. எல்லாருக்கும் நன்றி, கடையில் கூட்டம்.

ஓசூர்_ஃபேப்
வலையை எந்த ஊரில் கொடுத்தீர்கள்?

ஸ்ரீவாஸ்து_தருமபுரி
ஈரம் வந்தது எந்த மூலையில் என்று சொல்லவே இல்லையே.

ஊத்தங்கரை_ரெடிமேட்ஸ்
அண்ணா, எனக்கும் இதே மாதிரி போர்டுதான், ஹூக் விழுகிறது, என்ன பண்ணுவது?

காவேரிப்பட்டணத்தான்
எந்த வரிசை?