மறுசுழற்சிப் பிரிப்பு ஆலைக்குள் போனவர்கள் உண்டா? பார்த்ததைச் சொல்லுங்க

வேடிக்கைமன்னன்:

நானே ஆரம்பிக்கிறேன். காலி பாட்டில் கையில் கிடைத்தால் மிதித்து அப்பளமாக்கித்தான் தொட்டியில் போடுவேன். இடத்தை அடைக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம். போன வாரம் ஒரு தானியங்கிப் பிரிப்பு ஆலையைச் சுற்றிப் பார்த்ததில் அந்தப் பெருமை போச்சு.

லாரிகள் கொட்டின குவியலை லோடர் அள்ளி ஒரு டிரம்மில் போடுகிறது. அது கட்டிகளைக் கலைத்து, குப்பையைச் சீரான கனத்தில் பெல்ட்டில் பரப்புகிறது. அடுத்து வரிசையாகச் சுழலும் வட்டுகள். பெரிய அட்டைப்பெட்டி அவற்றின் முதுகிலேயே ஏறிப் போய்விடுகிறது. மற்றதெல்லாம் இடுக்கில் விழுகிறது. கண்ணாடி உடைந்து இன்னும் கீழே போகிறது.

அதற்கப்புறம் வந்ததுதான் எனக்கு வைத்த ஆப்பு. சாய்வான மேடையில் நீள நீளமான துடுப்புகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. தட்டையாக இருந்தால் மேலே ஏறும், உருண்டையாக இருந்தால் கீழே உருளும். மேலே போவது பேப்பர் என்று கணக்கு, கீழே வருவது பாட்டிலும் டப்பாவும். என் அப்பள பாட்டில்? பேப்பரோடு பேப்பராக மேலே ஏறிவிடும். பிளாஸ்டிக் கலந்த பேப்பர்க் கட்டுக்கு மதிப்புக் குறைவு என்றார் கூட வந்த பொறியாளர். பேப்பரைத் தனியாகச் சேகரிக்கும் ஊராக இருந்தால் மிதிப்பதில் தப்பில்லையாம். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடும் இடத்தில்தான் இந்தச் சிக்கல்.

இரும்பை மேலே தொங்கும் காந்தம் இழுத்துக்கொள்கிறது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாதே என்று கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள் பெல்ட் முனையில் கேன்கள் தவளை மாதிரி எகிறிக் குதித்துத் தடுப்பைத் தாண்டி விழுந்தன. பெல்ட் உருளைக்குள் காந்தங்கள் அதிவேகமாகச் சுழல்கின்றன. அது அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, கேன் தானே ஒரு காந்தமாகி விலகிப் பாய்கிறது. பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தது கண்ணெதிரே குதித்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

நைட்ஷிப்ட்:

நான் அங்கே மூணு வருஷம் கைப்பிரிப்பில் இருந்தேன். தானியங்கின்னு பேருதான், முதல்லயும் கடைசியிலயும் மனுஷக் கைதான். முதல்ல நிக்கிறவங்க தோட்டத்து ஹோஸ், டயப்பர், துணி, சில நேரம் ஊசின்னு மெஷினுக்கு ஆகாததைப் பொறுக்கணும். ஊசி வந்த அன்னிக்கு மட்டும் வீட்டுக்குப் போனாலும் கை கூசும்.

நான் நின்னது கடைசியில, ஒளியால பிரிக்கிற மெஷினுக்குப் பின்னாடி. பெல்ட் நொடிக்கு 3 மீட்டர் கிட்ட ஓடும். மேலேருந்து விளக்கு அடிக்கும். ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அகச்சிவப்பு ஒளியை ஒவ்வொரு விதமாத் திருப்பி அனுப்பும், அதை வெச்சு இது பெட் (PET, தண்ணி பாட்டில் செய்யற பிளாஸ்டிக்), இது பாலிஎத்திலீன்னு மெஷின் கண்டுபிடிச்சிடும். பெல்ட் முடியற இடத்துல சரியான நொடியில கீழேருந்து காத்து ‘டப்’புனு அடிச்சுத் தள்ளும். அந்த டப்டப் சத்தம் தூக்கத்துலயும் கேக்கும்.

ஆனா கறுப்பு டிரே வந்தா அதுக்குக் கண்ணு தெரியாது. கறுப்புக்குப் போடுற கார்பன் மை ஒளியையே முழுங்கிடுது. அந்த இடத்துல ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சு விட்டுடும். பாதி தண்ணியோட வர்ற பாட்டில் வேற மாதிரி. அடையாளம் தெரியும், ஆனா காத்தால தூக்க முடியாது. தொப்புனு தப்பான பக்கம் விழும். ரெண்டையும் நாங்கதான் பொறுக்கணும், கண்ணுல பட்டாத்தான்.

ஸ்பேனர்:

மேலே சொன்ன வட்டுகளுக்குள் இறங்கி வேலை செய்கிறவன் நான். பிளாஸ்டிக் பை, கயிறு, ஹோஸ் எல்லாம் அச்சில் சுற்றிக்கொண்டே போகும். வட்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்கு அடைபட்டால் விழவேண்டியதும் விழாமல் அட்டையோடு போய்விடும். அதனால் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை என் பையில் வைத்துக்கொண்டுதான் கத்தியோடு உள்ளே இறங்குவேன். ஒருமுறை வெட்டி எடுத்ததில் கேசட் நாடா வந்தது, மீட்டர் மீட்டராக. என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியவில்லை.

பயப்படுவது ஒன்றுக்குத்தான்: லித்தியம் பேட்டரி. லோடர் சக்கரத்தில் நசுங்கினால் தீ. சுற்றி முழுக்கக் காய்ந்த பேப்பர், யோசித்துப் பாருங்கள். பழைய போன், மின்சார டூத் பிரஷ், பாடும் வாழ்த்து அட்டை எதையும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள். பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் தனியாகக் கொடுங்கள்.

வேடிக்கைமன்னன்:

அண்ணே, மூடியைக் கழற்றணுமா வேண்டாமா?

ஸ்பேனர்:

எங்கள் ஆலையில் மூடியோடுதான் கேட்போம். கழற்றிப் போட்டால் சின்னப் பொருள் என்பதால் உடைந்த கண்ணாடியோடு விழுந்து வீணாகும். பாட்டிலோடு போனால், பிறகு துண்டாக்கித் தண்ணீரில் போடும் ஆலையில் பெட் மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். தானாகப் பிரிந்துவிடும்.

வேடிக்கைமன்னன்:

நன்றிண்ணே. இப்போதுதான் தொட்டியிலிருந்து நேற்றைய அப்பளம் ஒன்றை எடுத்து ஊதி நிமிர்த்தப் பார்த்தேன். பாதிதான் நிமிர்ந்தது. வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.