மூடியைத் திறந்து பாருங்கள்: பிரெட் மெஷினோடு எங்கள் அனுபவங்கள்

வேளச்சேரி, சென்னை

மாவைப் பிசைந்து, பொங்கவைத்து, சுட்டும் தருகிற பிரெட் மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. கடையில் சாண்ட்விச் பிரெட் வாங்குவதை அடியோடு நிறுத்தி மூன்று வருடம். நடுவில் போன அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆசையாக வாங்கி, நான்கு தடவை போட்டுப் பார்த்து, மனம் விட்டுப்போய்ப் பரணில் ஏற்றிவிட்ட பலரை எனக்குத் தெரியும். அவர்கள் எல்லோரும் அந்த முதல் வருடத்திலேயே நின்றுவிட்டவர்கள்.

2016 மே மாதம் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 வகை பிரெட், பன், பாவ் போன்றவற்றைச் சோதித்து, 84 சதவீதத்தில் மாவில் சேர்க்கும் ரசாயனங்களான பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே புரோமேட்டுக்குத் தடை வந்துவிட்டது. ஆனாலும் என் மனதில் விழுந்த முடிச்சு அவிழவில்லை. பள்ளிக்குப் பிரெட் கேட்கும் வயது என் மகளுக்கு வந்தபோது, என் கையால் போட்டதைத்தான் கொடுப்பேன் என்று முடிவு செய்தேன்.

முதல் பிரெட் போட்டது மே மாதத்தில். மெஷினோடு வந்த கையேட்டில் இருந்தபடி ஒவ்வொன்றையும் கப்பில் அளந்து போட்டு, மூடியை மூடி, பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடி வழியே பார்த்தால் மாவு மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சந்தோஷம் தாங்கவில்லை. வெந்து வெளியே வந்தபோது நடுவில் குழி, கிணறு மாதிரி. உள்ளே பிசுபிசுப்பு, ஈஸ்ட் நெடி. அடுத்தடுத்து ஐந்து தடவை இதே கதை. மைதாவை மாற்றினேன், ஈஸ்டை மாற்றினேன். குழி மட்டும் மாறவில்லை.

தஞ்சாவூரிலிருந்து மாமியார் வந்திருந்த சமயம். மெஷின் மாவு பிசைந்துகொண்டிருந்தது. பேசாமல் வந்து மூடியைத் திறந்துவிட்டார். "அத்தை, திறக்கக் கூடாது" என்று நான் பதறினேன். "மாவைப் பார்க்காமல் எப்படியம்மா பிசைவது?" என்று கேட்டபடியே ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "தண்ணீர் தூக்கல். அதுவும் சுடுகிறது." அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை அப்படியே குழாயில் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கையேடு எழுதப்பட்ட ஊரில் குழாய்த் தண்ணீர் சில்லென்று வருமோ என்னவோ, எங்கள் குழாயில் மே மாதத்தில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் தலைதெறிக்க ஓடி, அடுப்புச் சூடு ஏறுவதற்குள் மாவைப் பொங்கவைத்து, பிறகு தாங்க முடியாமல் கீழே போட்டுவிட்டது.

பிசையும் நேரத்தில் மூடியைத் திறப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. கடைசியாகப் பொங்கும்போதும் வேகும்போதும்தான் திறக்கக் கூடாது. பிசையத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் திறந்து பாருங்கள். மாவு உருண்டு திரண்டு, பாத்திரத்தின் சுவரை விட்டு விலகி, அடியில் மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். விரலால் அழுத்தினால் காது மடல் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். சுவரெல்லாம் அப்பிக்கொண்டால் ஒரு தேக்கரண்டி மாவு. உருண்டை இறுகி டொக் டொக்கென்று முட்டினால் ஒரு தேக்கரண்டி தண்ணீர். போட்டுவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அடுத்த கரண்டி.

இப்போது நான் போடும் அளவு: மைதா 400 கிராம், தண்ணீர் 250 மில்லி, உப்பு 8 கிராம், சர்க்கரை 15 கிராம், வெண்ணெய் 25 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். கோடையில் ஈஸ்டை 3 கிராமாகக் குறைத்து, ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றுகிறேன். கப்பை மறந்துவிடுங்கள். ஒரே கப்பில் அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தூவி நிரப்பினால் இன்னொரு எடை. சமையலறைத் தராசு ஒன்று வாங்குவது மெஷின் வாங்குவதற்கும் முந்திய வேலை.

ஸ்கார்பரோ, கனடா

சென்னை அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. இலங்கைத் தமிழர் நாங்கள் இதைப் பாண் என்போம். ஊரில் இருந்தவரை பாண் என்பது பேக்கரிக்காரரின் வேலை. விறகுப் போறணை அடுப்பிலிருந்து மாலையில் சூடாக வரும். அச்சுப் பாண், றோஸ் பாண் என்று கேட்டு வாங்கி, சம்பலோடு சாப்பிடுவோம். வீட்டில் பாண் சுடலாம் என்பதே இங்கு வந்த பிறகுதான் தெரியும்.

என் பிரச்சினை அக்காவுக்கு நேர்மாறானது. இந்தியாவில் இருக்கும் தோழி மைதாவுக்குக் கொடுத்த தண்ணீர் அளவை அப்படியே எடுத்துக்கொண்டேன். பாண் செங்கல் போல வந்தது. கனடாவில் சாதாரணமாக விற்கும் மாவே வன்கோதுமையில் அரைத்தது. புரதம் கிட்டத்தட்ட 13 சதவீதம் இருக்கும். அது கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். அதோடு குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்றும் மாவும் காய்ந்து கிடக்கும். 400 கிராமுக்கு 265 மில்லி வைத்த பிறகுதான் சரியானது. ஜூலையில் அதே அளவு தளர்ந்துவிடுகிறது. ஆகவே நானும் மூடியைத் திறந்து பார்க்கிற கட்சிதான்.

என் அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முதல் நல்ல பாணை வெட்டி, கட்டச் சம்பலோடு அவருடைய கையில் கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டு, "விறகு வாசம் இல்லை. மற்றபடி பாண்தான்" என்றார். எனக்கு அது போதும்.

திருநெல்வேலி

ஒரு எச்சரிக்கை மட்டும். அமெரிக்காவிலிருந்து என் மைத்துனர் அன்போடு தூக்கிக்கொண்டு வந்த மெஷினை நேராகப் பிளக்கில் மாட்டினேன். அது 120 வோல்ட், நம் வீட்டில் 230. ஒரு பொறி, கருகிய வாசனை, அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் மாட்டாதீர்கள். 120 வோல்ட் என்றால் அதன் வாட் அளவைத் தாராளமாகத் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

பிறகு இங்கேயே ஒன்று வாங்கினேன். வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா? சில மெஷின்கள் சில நிமிடங்கள் நினைவு வைத்திருக்கும், சில உடனே மறந்துவிடும். பாதியில் நின்றுபோனால் மாவைத் தூக்கி எறிய வேண்டாம். எண்ணெய் தடவிய அகலப் பாத்திரத்தில் கொட்டி, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்துவிடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைச் சால்னாவில் தொட்டு முழுவதையும் சாப்பிட்டுவிட்டார்கள்.

ஒசாகா, ஜப்பான்

வேலைக்காக இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம். மெஷினுக்குள்ளே பாத்திரத்தின் சுவரில் புடைப்பாக ஓரிரு வரம்புகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் கதை இந்த ஊரில் நடந்தது. 1980-களில் மட்சுஷிதா நிறுவனம் (இன்றைய பானசோனிக்) வீட்டு பிரெட் மெஷினைச் செய்துபார்த்தபோது, மேலே கருகி உள்ளே வேகாமல் பிரெட் வந்துகொண்டிருந்தது. கணக்குகள் எதுவும் காரணத்தைச் சொல்லவில்லை. இகுக்கோ தனாகா என்ற மென்பொருள் வல்லுநர் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பிசையக் கற்றுக்கொண்டார். அந்தக் கலைஞர் மாவை வெறுமனே இழுக்கவில்லை, இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பதை இகுக்கோ கண்டுபிடித்தார். அந்த முறுக்கை மெஷினுக்குள் கொண்டுவரச் சேர்த்ததுதான் உட்சுவர் வரம்பு. 1987-இல் அந்த மெஷின் விற்பனைக்கு வந்தது. அந்த ஹோட்டல் சமையல்காரரின் கை இன்று நம் எல்லோர் வீட்டு மெஷினுக்குள்ளும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இங்கே கற்ற இன்னொன்று யுதானே. முந்தைய இரவு, மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, அதே எடைக்குக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கிளறி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார்கள். நம் இடியாப்ப மாவுக்கு வெந்நீர் விடுவது போலத்தான். காலையில் அதைப் பிய்த்து மற்ற மாவோடு போட்டு, ஊற்றும் தண்ணீரில் அந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். பிரெட் மூன்றாம் நாளும் மெத்தென்று இருக்கும்.

கோயம்புத்தூர்

மைதா வேண்டாம் என்பவர்களுக்கு. மில்லில் அரைத்த கோதுமை மாவு 400 கிராமுக்கு 300 மில்லி வரை தண்ணீர் கேட்கும். ஐந்து நிமிடம் பிசையவிட்டு, மெஷினை நிறுத்தி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஓடவிடுகிறேன். தவிடு ஊறினால்தான் மாவு இழுபடும். மைதா அளவு உயரம் வராது. கடைப் பிரெட்டின் உயரத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், ருசியை எதிர்பார்த்தால் இல்லை.

வேளச்சேரி, சென்னை

எல்லோருக்கும் நன்றி. நேற்றே யுதானே போட்டுப் பார்த்தேன், இன்று அதைத்தான் வெட்டினேன். வெட்டுவதைப் பற்றிச் சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். வெந்ததும் உடனே பாத்திரத்திலிருந்து கவிழ்த்து, கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் கத்தியில் மாவு ஈஷிக்கொண்டு துண்டு நசுங்கும். பல் வைத்த கத்தியை அழுத்தாமல் ரம்பம் போல முன்னும் பின்னும் இழுங்கள். மாவு பிசையும் துடுப்பால் அடியில் விழும் ஓட்டை உறுத்துகிறது என்றால், கடைசிப் பிசைதல் முடிந்ததும் ஈரக் கையால் மாவைத் தூக்கி, அந்தத் துடுப்பை உருவிவிட்டு, மாவைத் திரும்ப வையுங்கள்.

ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் பிரெட் சீக்கிரம் விறைக்கிறது. இரண்டு நாளுக்கு வேண்டியதை டப்பாவில் வைத்துக்கொண்டு, மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிடும்.

மாமியார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். மாவு சுற்றத் தொடங்கினால், எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வந்து மூடியைத் திறந்து ஒரு விரல் வைத்துப் பார்ப்பார். இன்றும் பார்த்தார். ஒரு கரண்டி தண்ணீர் விடச் சொன்னார், விட்டேன். முதலில் வெட்டிய ஓரத் துண்டை, வழக்கம்போல, காபியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.