வேர்நுனியை நசிப்பதா, அமுக்குவதா, ஞெமுக்குவதா?

கிளிநொச்சியிலிருந்து:
உயர்தரச் செய்முறைக் கையேடு வியாழன் அச்சுக்குப் போகவேண்டும். வெங்காய வேர்நுனியில் இழையுருப்பிரிவு (ஒரு கலம் இரண்டாகப் பிரிவது) பார்க்கும் பகுதியில் 'ஸ்குவாஷ்' (squash) என்ற ஆங்கிலச் சொல் இன்னும் அப்படியே கிடக்கிறது. மூடுகண்ணாடியின் கீழ் இழையத்தை ஒற்றைக் கலப்படையாகப் பரப்புவதற்கு ஒரு சொல் தாருங்கள். 'நசித்தல்' போடலாமா?

வவுனியாவிலிருந்து:
பேச்சில் நசிக்கிறம், சரி. எழுத்தில் அது அழிதலாகிவிடும், சேர். 'கலங்கள் நசித்தன' என்றால் செத்துப்போயின என்றுதான் பிள்ளை எடுக்கும். 'அமுக்கல்' போதும்.

மாங்குளத்திலிருந்து:
அமுக்கம் (pressure) பௌதிகத்துக்குப் போய்விட்டது. பழந்தமிழில் 'ஞெமுங்கு' உண்டு. அழுந்துதல் என்று பொருள். அதன் பிறவினை ஞெமுக்கு. ஆகவே 'ஞெமுக்கல்'. ஞகரம் ஆ, எ, ஒ மூன்றோடு மட்டுமே மொழிமுதலாகும் என்ற தொல்காப்பிய விதிக்கும் இது பொருந்தும். அகரத்தோடு வரும் 'ஞமலி'க்கு (நாய்) அந்த விதியில் இடமில்லை, நன்னூல் இடம் தருகிறது. ஞெகிழ், நெகிழ் ஆனதையும் பாருங்கள்...

முல்லைத்தீவிலிருந்து:
ஐயா, ஞமலியை விடுவோம். கைவேலையைப் பார்த்துச் சொல்லை எடுப்போம். எதனோல் மூன்று பங்கு, அசற்றிக்கமிலம் ஒரு பங்கு கலந்த கரைசலில் நிலைப்படுத்திய வேரை, 60 °C இல் 1 மோலார் ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஐந்தாறு நிமிடம் வைக்கிறோம். கலங்களை ஒட்டிவைத்திருக்கும் நடுமென்றட்டு அதில் இளகும். நேரம் குறைந்தால் கலங்கள் அடுக்கடுக்காய்க் கிடக்கும். கூடினால் சாயம் சரியாய்ப் பிடியாது. பிறகு நுனியில் 2 மில்லிமீற்றரை மட்டும் வெட்டி, அசற்றோகாமைன் சாயம் ஒரு துளி விட்டு மூடி, பென்சிலின் மொட்டை முனையால் மெல்லத் தட்டுவது. கடைசியாக ஒற்றுத்தாளை மடித்துவைத்துப் பெருவிரலால் நேர்கீழாக ஒரே அமுக்கு. பக்கவாட்டில் அரக்கினால் கலங்கள் உருண்டு, நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) ஒன்றன்மேலொன்று விழும். 40 மடங்குப் பொருள்வில்லையிலும் ஒன்றும் பிரிந்து தெரியாது. 'நசுக்கல்' என்றால் பிள்ளைகள் மூட்டைப்பூச்சி நசுக்குவதுபோல் தேய்த்துவிடுவார்கள். 'அமுக்கல்' அந்தத் திசையைச் சரியாகச் சொல்கிறது.

வவுனியாவிலிருந்து:
அதோடு இரத்தத்துக்குச் சொல்லும் 'பூச்சு' (smear) வேறு, இது வேறு என்பதும் தெளிவாகும். அமுக்கம் வேறு, அமுக்கற் பதிப்பு (இப்படி அமுக்கித் தயாரித்த மாதிரி) வேறு. குழப்பம் வராது.

கிளிநொச்சியிலிருந்து:
இரண்டு பேர் 'அமுக்கல்' என்கிறீர்கள், 'அமுக்கற் பதிப்பு' சரியாய் இருக்கிறது. அதையே போடுகிறேன். பக்கவாட்டில் அரக்கவேண்டாம் என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்க்கிறேன்.

மாங்குளத்திலிருந்து:
உடன்பாடில்லை. ஒரு துறைக்குச் சொந்தமாக ஒரு வினை கிடைக்கும்போது, பௌதிகத்தின் சொல்லை ஏன் இரவல் வாங்கவேண்டும்? சொல்லடைவிலாவது ஞெமுக்கலைச் சேருங்கள்.