மூன்று ஆணையங்களும் சேர்ந்து மலைக்கு வர முடியாதா?

கேள்வி (ஏற்காடு, ஆசிரியர்):
மனித உரிமைகள் ஆணையம், மகளிர் ஆணையம், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆகிய மூன்றும் சென்னையில் இருக்க, இங்கே காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் மலையாளி பழங்குடிப் பெண்ணுக்கு எந்தக் குறையை எங்கே சொல்வது என்பதே தெரிவதில்லை. இவை கூடி விழிப்புணர்வுப் பணி செய்யச் சட்டத்தில் இடமுண்டா?

மறுமொழி (சேலம், வழக்கறிஞர்):
உண்டு. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், மனித உரிமைக் கல்வியைப் பல தரப்பினரிடமும் பரப்புவதை 12ஆம் பிரிவிலேயே தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் பணியாக வைத்திருக்கிறது. 29ஆம் பிரிவின் வழியாக அது மாநில ஆணையத்துக்கும் பொருந்தும். வேறோர் ஆணையத்தின் முன் நிலுவையில் உள்ள புகாரை விசாரிப்பதற்குத்தான் 36ஆம் பிரிவில் தடை உண்டு. கல்விப் பணிக்கு இல்லை. ஆகவே முதலில் மூவருக்கும் பொதுவான ஒரே துண்டறிக்கை வரட்டும். எந்தப் புகார் யாருக்கு என்பதோடு, மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுத வேண்டும் என்ற கெடுவும், குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181, இலவசச் சட்ட உதவிக்கான 15100 ஆகிய உதவி எண்களும் அதில் இருக்க வேண்டும். அந்தக் கெடு தெரியாமல் காலம் கடந்து வந்தவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மறுமொழி (மலைக்கிராமம், முன்னாள் வார்டு உறுப்பினர்):
துண்டறிக்கை மடித்து வைக்கத்தான் பயன்படும், ஐயா. மனித உரிமை நாளான டிசம்பர் 10 அன்று நகரத்து அரங்கில் உறுதிமொழி எடுப்பதைவிட, தோட்டங்களுக்கு விடுமுறையான மே 1 அன்று கூடும் கிராம சபையில் மூன்று ஆணையங்களின் சார்பிலும் ஒருவர் பேசட்டும். இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அதை ஒருங்கிணைக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
அந்த ஆணைக்குழுவுக்கே மனு எழுதுகிறேன். வழக்கறிஞர் ஐயா வரைவை ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?