எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனால் உடம்பில் தெம்பே இல்லை. என்னவாக இருக்கும்?

தூக்கக்கலக்கம்:
கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சில மாதமாகவே காலையில் எழுந்ததிலிருந்து அசதி, மாலையானால் கால் துவண்டு போகிறது. ஃபுல் பாடி செக்கப் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். டாக்டர் ஸ்ட்ரெஸ் என்கிறார், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. காரணம் என்ன?

எறும்பு:
வயது? ஆணா, பெண்ணா? எந்தெந்த டெஸ்ட், என்ன எண்? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எடை குறைந்ததா, ராத்திரியில் காய்ச்சல், வியர்வை உண்டா? இதெல்லாம் இல்லாமல் யார் என்ன சொல்ல முடியும்?

கடைசிபெஞ்ச்:
பி12. வேறு எதையும் தேட வேண்டாம். ஹீமோகுளோபின் நன்றாக இருந்தாலும் பி12 குறைந்து நரம்பைப் பாதிக்கும், எனக்கு அப்படித்தான் இருந்தது. ஊசி போட்டதும் ஆளே மாறிவிட்டேன்.

நடைவண்டி:
குறட்டை விடுவீர்களா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் எத்தனை மணி நேரம் படுத்தாலும் அசதி போகாது. எந்த ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது, தூங்கவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அரைக்கிழம்:
மாதத்துக்கு ஒருவர் வந்து இதே கேள்வியைக் கேட்கிறார், பழைய இழைகளைத் தேடிப் படிக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. போகட்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? படியேறும்போது மூச்சு வாங்கி நிற்கிறீர்களா, இல்லை தொடையே தூக்க மாட்டேன் என்கிறதா? மூச்சு என்றால் ரத்தசோகை, இதயம், நுரையீரல் பக்கம் பார்க்க வேண்டும். தசை என்றால் சிகே (தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, உப்புகள், சாப்பிடும் மருந்துகள். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் 'அசதி' என்று ஒரே வார்த்தையில் எழுதினால் வைட்டமின் வைத்தியர்கள்தான் வந்து நிற்பார்கள். வந்தும்விட்டார்கள்.

தூக்கக்கலக்கம்:
44, ஆண். ஹீமோகுளோபின் 14.2, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் 2.1, பி12 310, வைட்டமின் டி 24. சுகர், லிவர், கிரியாட்டினின் சரி. எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை. கை ஊன்றாமல் எழுவது சிரமமாகத்தான் இருக்கிறது, நீங்கள் கேட்டபிறகுதான் கவனித்தேன். ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். மாத்திரை ஒன்றும் இல்லை, வழக்கமான பிபி மாத்திரை மட்டும்.

கடைசிபெஞ்ச்:
பார்த்தீர்களா, 310! லேப்காரன் 200க்கு மேல் நார்மல் என்று போடுவான். 200க்கும் 300க்கும் நடுவில் இருந்தாலே சந்தேகம்தான், எம்எம்ஏ (பி12 குறைவை உறுதிசெய்யும் பரிசோதனை) பார்க்க வேண்டும்.

மழைத்தாள்:
310 எப்படி 200க்கும் 300க்கும் நடுவில் வரும்? அப்படியே குறைவு என்றாலும் ஊசி எதற்கு, 1000 மைக்ரோகிராம் மாத்திரை போதும்.

கடைசிபெஞ்ச்:
குடல் உறிஞ்சாதவனுக்கு மாத்திரை கொடுத்து என்ன பயன்?

மழைத்தாள்:
அவ்வளவு பெரிய டோஸில் நூற்றில் ஒரு பங்கு உள்காரணி (பி12ஐ உறிஞ்ச உதவும், வயிற்றில் சுரக்கும் புரதம்) இல்லாமலே உள்ளே போய்விடும், தினத் தேவைக்கு அது தாராளம். நரம்புக் கோளாறு முற்றிய நிலையில்தான் முதலில் ஊசி. நீங்கள் ஊசி போட்டுத் தேறினீர்கள் என்பதற்காக ஊர் முழுக்கக் குத்த வேண்டுமா?

கடைசிபெஞ்ச்:
நீங்கள் டாக்டரா?

மழைத்தாள்:
நீங்கள்?

எறும்பு:
இரண்டு பேரும் தனி இழை போட்டுச் சண்டை போடுங்கள். @தூக்கக்கலக்கம், பிபி மாத்திரை 'ஒன்றும் இல்லை'யில் சேராது. அட்டையைப் பார்த்து உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்று எழுதுங்கள்.

தூக்கக்கலக்கம்:
டெல்மிசார்டன் 40, குளோர்தாலிடோன் 12.5. இது சும்மா பிபிக்குத்தானே, அதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

எறும்பு:
இருக்கிறது. இரண்டாவதாக இருப்பது சிறுநீரை அதிகமாக்கும் மருந்து. உப்போடு சேர்த்துப் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளும், சிலருக்கு சோடியமும் இறங்கும். பொட்டாசியம் குறைந்தால் முதலில் தொடையும் காலும்தான் தளரும், தசை இழுக்கும், மலச்சிக்கல் வரும். ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். நீங்கள் கொடுத்த பட்டியலில் எலக்ட்ரோலைட்ஸ் (சோடியம், பொட்டாசியம் அளவு பார்ப்பது) இல்லை, ஃபுல் பாடி என்று பெயர் வைத்த எல்லாப் பேக்கேஜிலும் அது இருக்காது. நாளைக்குத் தள்ளாமல் எடுங்கள். படபடப்பு, மயக்கம் இருந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பொட்டாசியம் சிரப்பும் நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள், டெல்மிசார்டனோடு சேர்ந்தால் அளவு எகிறிவிடும். அதிமதுரம் ஏதாவது தொடர்ந்து சாப்பிடுகிறீர்களா? அதுவும் பொட்டாசியத்தை இறக்கும், பிபியை ஏற்றும்.

கடைசிபெஞ்ச்:
12.5 எல்லாம் ஒரு டோஸா? இதற்குப் போய் பயமுறுத்துகிறீர்கள். பி12ஐக் கவனியுங்கள்.

தூக்கக்கலக்கம்:
பொட்டாசியம் 2.9. ஈசிஜி எடுத்தார்கள், மாத்திரையை மாற்றிவிட்டார்கள். கால் இப்போது பரவாயில்லை. அதிமதுரம் இல்லை. எல்லாருக்கும் நன்றி.

எறும்பு:
நல்லது. மெக்னீசியமும் பார்த்தார்களா? அது குறைவாக இருந்தால் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது.

அரைக்கிழம்:
மாத்திரை மாற்றியதோடு கதை முடிந்தது என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். டெல்மிசார்டன் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கிற மருந்து. அது கூட இருந்தும், இவ்வளவு சின்ன டோஸ் குளோர்தாலிடோனில் 2.9 வரை இறங்கியது என்றால் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரானை (உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும் ஹார்மோன்) கூடுதலாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிபிக்கே அதுதான் காரணமாக இருக்கலாம். ஆல்டோஸ்டிரான், ரெனின் (ஆல்டோஸ்டிரானைத் தூண்டிவிடும், சிறுநீரகத்தில் சுரக்கும் பொருள்) விகிதம் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, பொட்டாசியத்தைச் சரிசெய்த பிறகு எடுப்பார்கள். உங்கள் டாக்டரிடம் இதே வார்த்தையில் கேளுங்கள்.

நடைவண்டி:
குறட்டையைப் பற்றிக் கேட்டேனே, அதற்குப் பதிலே வரவில்லை. ஆல்டோஸ்டிரான் கூடுதலாக இருப்பவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பும் சேர்ந்தே இருப்பது சகஜம், கால் சரியானாலும் காலை அசதி மட்டும் போகவில்லை என்றால் அதையும் பார்த்துவிடுங்கள்.