உள்ளூர் ஹோட்டலில் இரண்டு இரவு: கொரோனா காலத்தில் எந்த அறையைக் கேட்பது?

கேள்வி | திண்ணைக்காரன் (கொரோனா பரவிய நாட்களில் கேட்டது)

வெளியூர்ப் பயணம் எதுவும் இப்போதைக்கு இல்லை. அதனால் சொந்த ஊரிலேயே ஒரு ஹோட்டலில் இரண்டு இரவு தங்கலாம் என்று திட்டம். நாங்கள் இரண்டு பேர், கூட வயதான அம்மா. மூவருக்கும் இரண்டு டோஸ் தடுப்பூசி முடிந்துவிட்டது. 'முழுமையாக சானிடைஸ் செய்த அறை' என்று எல்லா ஹோட்டல்காரர்களும் விளம்பரம் செய்கிறார்கள். அது போதுமா? முன்பதிவுக்கு முன் என்ன கேட்க வேண்டும், உள்ளே போனதும் முதல் வேலை என்ன? ஏசி வழியாகப் பக்கத்து அறைக் காற்று வருமா?

பதில் | காற்றுவாரி

கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெரும்பாலான ஹோட்டல் அறைகளில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஃபேன் காயில் யூனிட் இருக்கும், இல்லையென்றால் சுவரில் ஸ்ப்ளிட் ஏசி. இரண்டுமே அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப விடுகின்றன. பக்கத்து அறைக் காற்று பொதுவாக அதன் வழியே வராது. ஆனால் புதுக் காற்றும் வராது. அறை ஜில்லென்று இருப்பதற்கும் காற்றோட்டம் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

ஜன்னல் மூடியிருந்தால் பாத்ரூம் எக்ஸாஸ்ட்தான் காற்றை வெளியே தள்ளும் ஒரே வழி. தள்ளிய அளவுக்கு உள்ளே வர வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளி வழியாக, காரிடாரிலிருந்து. அதுதான் சிக்கல். 2020-ல் நியூசிலாந்தில் ஒரு தனிமைப்படுத்தல் ஹோட்டலில் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்களிடையே தொற்று பரவியது. அவர்கள் நேரில் சந்திக்கவே இல்லை. ஒருவர் கதவை மூடி ஒரு நிமிஷத்துக்குள் மற்றவர் திறந்ததை கேமரா பதிவு காட்டியது. காற்றோட்டம் இல்லாத காரிடாரில் நின்றுபோன காற்றுதான் காரணமாக இருக்கும் என்பது விசாரணையின் முடிவு.

ஆகவே திறக்கக்கூடிய ஜன்னலோ பால்கனியோ உள்ள அறை வேண்டும் என்று கேளுங்கள். 'ஜன்னல் இருக்கிறது' என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். எத்தனை அங்குலம் திறக்கும் என்று கேளுங்கள். பல இடங்களில் பாதுகாப்புக்காக ஸ்டாப்பர் போட்டு நாலு அங்குலத்தோடு நிறுத்தியிருப்பார்கள். அதுவும் பரவாயில்லை, எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

முன்பு தங்கியவர் விட்டுப்போன காற்று வெளியேற எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்தில் காற்று எத்தனை முறை மாறுகிறதோ அந்த எண்ணால் 4.6-ஐ வகுத்தால், 99 சதவீதம் வெளியேற ஆகும் மணி நேரம் கிடைக்கும். 60 கன மீட்டர் அறையில் எக்ஸாஸ்ட் மணிக்கு 90 கன மீட்டர் இழுத்தால் காற்று 1.5 முறை மாறும். அப்படியென்றால் சுமார் மூன்று மணி நேரம். ஜன்னலைத் திறந்து 6 முறை மாறினால் 46 நிமிஷம் போதும். போனதும் ஏசியைப் போடாமல், ஜன்னலையும் எக்ஸாஸ்டையும் திறந்துவிட்டு, மாஸ்க்கோடு பால்கனியிலோ வெளியிலோ ஒரு மணி நேரம் இருங்கள்.

எக்ஸாஸ்ட் உண்மையில் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூத் தாளைக் கிரில்லில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் நல்லது. விழுந்தால் ஃபேன் ஓடவில்லை, அல்லது கிரில்லில் தூசி அடைத்திருக்கிறது. தாள் உங்கள் பக்கமாகப் பறந்தால் மட்டும் தயங்காமல் அறையை மாற்றச் சொல்லுங்கள். பல அறைகளுக்குப் பொதுவான குழாய் அது. மேலே இருக்கும் பெரிய ஃபேன் நின்றுவிட்டால் அடுத்த பாத்ரூம் காற்று உங்கள் அறைக்குள் இறங்கும்.

பதில் | வெள்ளைப்போர்வை

மேலே சொன்னது சரி. ஹவுஸ்கீப்பிங் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

சானிடைஸ் என்று புகை போடுவதைவிட, எதை எத்தனை நேரம் ஈரமாக வைத்தார்கள் என்பதே கணக்கு. தெளித்த உடனே துணியால் துடைத்துவிட்டால் மருந்து வேலை செய்ய நேரமே இருக்காது. நீங்களாகத் துடைப்பதென்றால் 70 சதவீத ஆல்கஹால் போதும். ஒரு நிமிஷமாவது ஈரம் காயாமல் இருக்கட்டும். டிவி ரிமோட், ஸ்விட்ச், கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு, ஃபிளஷ் பொத்தான், இன்டர்காம். இவ்வளவுதான். சுவரையும் திரைச்சீலையையும் துடைப்பது வீண் வேலை. ரிமோட்டில் நேராகத் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள்.

ப்ளீச் பயன்படுத்தினால், 5 சதவீத ப்ளீச் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதம் வரும். பாத்ரூமுக்கு அது போதும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

முன்பதிவின்போது போனில் கேட்க வேண்டியவை: இதே கட்டடத்தில் தனிமைப்படுத்தல் தளம் இருக்கிறதா, இருந்தால் லிஃப்ட் தனியா? எங்கள் அறையில் கடைசியாக ஆள் எப்போது காலி செய்தார்? உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அறை தருவீர்களா? (சில ஹோட்டல்கள் மறுக்கும், ரிசப்ஷனில் போய் நின்ற பிறகு தெரிவதில் பயனில்லை.) திடீரென்று ஊரடங்கு வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மாற்ற மட்டும்தான் முடியுமா? இந்தக் கடைசிப் பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

தினசரி சுத்தம் வேண்டாம் என்று சொல்லி, மாற்று பெட்ஷீட்டும் துண்டும் பையில் போட்டுக் கதவருகே வைக்கச் சொல்லுங்கள். பழைய துணியை உதறாமல் சுருட்டி வையுங்கள். சுத்தம் செய்தே ஆக வேண்டுமென்றால் நீங்கள் வெளியே போயிருக்கும்போது நடக்கட்டும். ஜன்னல் திறந்தே இருக்கட்டும், அது ஊழியருக்கும் பாதுகாப்பு.

பதில் | குழாயடி

யாரும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறைகளில் அதுவும் பெரிய விஷயம்.

பாத்ரூம் தரையில் இருக்கும் வடிகாலுக்குக் கீழே வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கழிவுக் குழாயின் காற்று மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஆள் புழங்காவிட்டால் வற்றிவிடும். 2003-ல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் ஆமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. வற்றிய தரை வடிகால்கள் வழியாக, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் கழிவுக் குழாயின் காற்றை உள்ளே இழுத்தது அதற்கு முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. எக்ஸாஸ்டைப் போடுவதற்கு முன்பே தரை வடிகாலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள், சாக்கடை நாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். காற்றுவாரி சொன்ன டிஷ்யூ சோதனை அதற்குப் பிறகு.

அடுத்தது ஷவர். தேங்கிய வெதுவெதுப்பான நீரில், ஏறக்குறைய 25 முதல் 45 டிகிரி வரை, லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். குடிப்பதால் அல்ல, சாரலை மூச்சில் இழுப்பதால்தான் நுரையீரலுக்குப் போகும். வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம். முதல்முறை வெந்நீரை முழுசாகத் திறந்துவிட்டு, பாத்ரூம் கதவைச் சாத்திவிட்டு, ஐந்து நிமிஷம் வெளியே இருங்கள். தெளிப்பானைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள், சாரலே எழாது. அம்மா குளிப்பது அதன் பிறகு.

கேள்வியாளர் | திண்ணைக்காரன்

மிக்க நன்றி. நாங்கள் பார்த்த இடத்தில் ஜன்னல் கண்ணாடி நிரந்தரமாக மூடியதாம். ஏர் ப்யூரிஃபையர் கொண்டுபோனால் சரியாகுமா?

பதில் | காற்றுவாரி

பாதி சரியாகும். ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ளதாக இருக்க வேண்டும். அயனி, ஓசோன் விடும் வகைகள் வேண்டாம். பெட்டியில் சி.ஏ.டி.ஆர் என்று ஒரு எண் இருக்கும், மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்பதன் அளவு அது. 60 கன மீட்டர் அறைக்கு அது மணிக்கு 240 கன மீட்டர் இருந்தால் நாலு காற்று மாற்றத்துக்குச் சமம், 70 நிமிஷத்தில் முந்தையவரின் காற்று சுத்தமாகும். அந்த எண் அதிக வேகத்தில் வைத்தால்தான் கிடைக்கும். இரவில் சத்தம் என்று குறைத்தால் பாதிகூட வராது. அதனால் போனவுடன் முழு வேகம், தூங்கும்போது நடு வேகம்.

கதவடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். காரிடார் காற்று முழுதாக நிற்காது, குறையும். கதவைத் திறக்கும்போது, உணவுத் தட்டை எடுக்க என்றாலும், மாஸ்க் போட்டுத் திறங்கள். தட்டை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்லி, சில நிமிஷம் கழித்து எடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருந்தால் எடுத்துப் போங்கள். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) அளவில் காட்டும், அறைக்குள் 800-க்குள் இருந்தால் காற்றோட்டம் நன்று. மலிவு மீட்டர்கள் சில வேறு வாயுவை அளந்து எண்ணை ஊகிக்கும். பக்கத்தில் சானிடைசரைத் திறந்தவுடன் எண் எகிறினால் அந்த வகை, நம்ப வேண்டாம். ப்யூரிஃபையர் இந்த எண்ணைக் குறைக்காது என்பதையும் மனதில் வையுங்கள், அது துகளை மட்டும்தான் பிடிக்கும்.

மூன்று பேர், அதில் ஒருவர் வயதானவர் என்றால், என் கருத்தில் மூடிய கண்ணாடி அறையை விட்டுவிட்டு பால்கனி உள்ள சாதாரண ஹோட்டலைப் பாருங்கள். நட்சத்திரம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.